காசோலைக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுப்பது குற்றமா?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது. சமையலறை அலமாரிகள், கதவுகள், ஃபால்ஸ் சீலிங் ஆகிய வேலைகளுக்காக ஒருவர் 6 லட்சம் ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தக்காரரிடம் பேசி முடித்திருக்கிறார். 3,60,000 ரூபாயை வேலை நடக்க நடக்கக் கொடுத்துவிட்டார். மீதி 2,40,000 ரூபாய்க்கு, வேலை முடியும் என்று சொல்லப்பட்ட நாளையே தேதியாகப் போட்டு, ஒரு காசோலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது வேலை பாதியில் நிற்கிறது; பொருத்திய அலமாரிகளும் ஈரத்தில் உப்பிவிட்டன; ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை; காசோலையின் தேதியோ நெருங்குகிறது. வங்கியில் சொல்லி அதை நிறுத்திவிடலாமா, நிறுத்தினால் செக் வழக்கில் சிறைக்குப் போக நேருமா என்பதே அவர் கேட்பது.

நிறுத்தலாம். காசோலை எழுதியவர், பணம் போவதற்கு முன்பாகத் தம் வங்கிக்கு அப்படி உத்தரவிடுவது அவருடைய உரிமை. அந்த உத்தரவு தன்னளவில் எந்தச் சட்டப்படியும் குற்றம் ஆகாது. ஆனால் நிறுத்தியதால் காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881இன் 138ஆம் பிரிவின்கீழ் ஒப்பந்தக்காரர் குற்ற வழக்குப் போட முடியும். அந்த வழக்கு, காசோலை வங்கிக்கு வந்த நாளில் அந்தத் தொகையை நீங்கள் உண்மையில் கொடுக்க வேண்டியிருந்ததா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். கொடுக்க வேண்டியதில்லை என்று காட்டும் பொறுப்பு பெருமளவுக்கு உங்கள் தலையில் விழும் என்பதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது.

முதலில் வங்கிப் பக்கம். வாடிக்கையாளரின் உத்தரவுப்படி அவர் பணத்தைக் கையாள வேண்டியது வங்கியின் கடமை. காசோலை ஓர் உத்தரவு என்றால், அதை ரத்து செய்வதும் இன்னோர் உத்தரவுதான். ஸ்டாப் பேமென்ட் முறையாகப் பதிவான பிறகும் கவனக்குறைவால் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டால், அந்த இழப்புக்கு வங்கி உங்களிடம் பதில் சொல்ல வேண்டும். காசோலையைப் பெற்றவருக்கு உங்கள் வங்கியின் மீது எந்த உரிமையும் கிடையாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31ஆம் பிரிவு வங்கியின் பொறுப்பைக் காசோலை எழுதியவரோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே "ஏன் பணம் தரவில்லை" என்று ஒப்பந்தக்காரர் உங்கள் கிளை மேலாளரிடம் சண்டை போட இடமில்லை.

காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வங்கி வற்புறுத்த முடியாது என்றாலும், காரணத்தை எழுதிக் கொடுப்பது உங்களுக்கு நல்லது. அது ஏன் என்பது பின்னால் தெரியும். நெட் பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ காசோலை எண்ணைக் குறிப்பிட்டு நிறுத்தலாம். ஒரு கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் உத்தரவு வேறு காசோலைக்குப் போய்விடும் என்பதால் பதிவான ஒப்புகையைச் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் கணக்காக இருந்தால், இருவரும் கையெழுத்திட்ட காசோலையைக்கூட அவர்களில் ஒருவர் நிறுத்தச் சொன்னால் வங்கிகள் நிறுத்திவைப்பது வழக்கம்.

நேரம் இப்போது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வில் (கிளியரிங்கில்), காசோலைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் பழைய தொகுதி முறை போய்த் தொடர் முறை வந்திருக்கிறது. பகலில் குறித்த நேரம் முழுவதும் கிளைகள் காசோலைப் படங்களை வந்தவுடன் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பணம் தரவேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் ஏற்கவோ மறுக்கவோ செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். காலையில் போடப்பட்ட காசோலை மாலைக்குள் தீர்ந்துவிடலாம். தேதிக்கு முந்தின நாளே உத்தரவு பதிவாகியிருக்க வேண்டும். "நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்" என்பது இனிப் பலிக்காது. ஒரு முறை திரும்பியதோடு முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துக்குள் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வழக்குப் போடும் உரிமை புதிதாகப் பிறக்கும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற எம்எஸ்ஆர் லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது.

இனி 138ஆம் பிரிவு. 1988இல் நிறைவேறிய திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த இந்தப் பிரிவின் சொற்களை அப்படியே படித்தால் ஸ்டாப் பேமென்ட் அதில் இல்லவே இல்லை. கணக்கில் உள்ள தொகை போதாததாலோ, வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின் அளவைக் காசோலை மீறியதாலோ திரும்பினால் குற்றம் என்றுதான் அது கூறுகிறது. இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர்கள், கணக்கில் காசு இல்லாதபோது காசோலை திரும்புவதற்குமுன் தாங்களே முந்திக்கொண்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, "பணம் போதாமல் திரும்பவில்லையே, நான் நிறுத்தியதால்தானே திரும்பியது" என்று வாதிட்டார்கள். 1996இல் எலக்ட்ரானிக்ஸ் டிரேட் அண்ட் டெக்னாலஜி டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் சில வரிகள் அவர்களுக்குச் சாதகமாகவும் அமைந்தன: வங்கியில் போட வேண்டாம் என்று பெற்றவருக்கு முன்னதாகவே நோட்டீஸ் அனுப்பியிருந்தும் அவர் போட்டால் 138 பொருந்தாது என்று அதில் சொல்லப்பட்டது.

அந்தக் கருத்து இரண்டே ஆண்டுகளில் கவிழ்ந்தது. மோடி சிமெண்ட்ஸ் வழக்கில், 1998இல், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ஏற்க மறுத்து, நிறுத்தச் சொன்னதால் திரும்பிய காசோலையும் 138இன் வரம்புக்குள் வரும் என்றது. வரும் தேதி போட்டுக் கொடுத்த காசோலையை அந்தத் தேதிக்கு முன்பே நிறுத்தினாலும் அதே நிலைதான் என்று 2003இல் கோவாபிளாஸ்ட் வழக்கில் தெளிவுபடுத்தப்பட்டது. கணக்கை மூடியது, கையெழுத்து பொருந்தாதது, நிறுத்தச் சொன்னது ஆகியவை அனைத்தும் ஒரே வகையின் உருவங்கள் என்று 2012இல் லக்ஷ்மி டைகெம் வழக்கு தொகுத்துச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும், "ஒரு வக்கீல் நோட்டீஸ் முன்னாலேயே அனுப்பிவிட்டால் வழக்கே வராது" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செல்லாத யோசனை. முன்கூட்டி அனுப்பும் நோட்டீஸ் நல்ல சாட்சியம் ஆகலாம். வழக்கைத் தடுக்கும் வேலி ஆகாது.

உங்களுக்கு உதவும் தீர்ப்பு 2001இல் வந்த எம்எம்டிசி எதிர் மெட்சல் கெமிக்கல்ஸ் வழக்கின் தீர்ப்பு. நிறுத்தியதால் திரும்பிய காசோலைக்கும் வழக்குப் போடலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் உச்ச நீதிமன்றம் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஒரு வழியைத் திறந்துவைத்தது. காசோலை வந்த நேரத்தில் கணக்கில் போதிய பணம் இருந்தது என்பதையும், நிறுத்தியது பணப் பற்றாக்குறையால் அல்ல, கொடுக்க வேண்டிய கடனோ பொறுப்போ அப்போது இல்லை என்பது போன்ற தக்க காரணத்தால்தான் என்பதையும் அவர் காட்டினால், 138ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது. ஆனால் காட்ட வேண்டியவர் அவர்தான். புகாரைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய இது காரணமாகாது, விசாரணையில்தான் நிறுவ வேண்டும்.

இங்கே 139ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. காசோலையில் உள்ள கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்ட கணத்திலிருந்து, அது ஒரு கடனையோ பொறுப்பையோ தீர்க்கவே கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும். குற்றவியல் வழக்குகளில் எல்லாவற்றையும் அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அனுமானத்தைத் தகர்க்க ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. உங்கள் கூற்று நம்பத்தக்கதாக, நடந்திருக்கக் கூடியதாகத் தோன்றினால் போதும். புகார் கொடுத்தவரின் ஆவணங்களிலிருந்தும் குறுக்கு விசாரணையிலிருந்துமே அதைச் செய்துவிடவும் முடியும். கடனே இல்லை என்று காட்டிவிட்டால் கணக்கில் இருப்பு குறைவாக இருந்திருந்தாலும் வழக்கு நிற்காது என்பது சட்ட நிலை. ஆயினும் நடைமுறையில், காசோலை வந்த நாளில் 2,40,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருந்ததைக் காட்டும் கணக்கு அறிக்கையைப் போல நீதிபதியின் மனத்தில் நிற்கும் ஆவணம் வேறில்லை. பணம் இருந்தும் நிறுத்தியவருக்கு ஏதோ தகராறு இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். 800 ரூபாய் இருப்போடு நிறுத்தியவரைப் பற்றி வேறு விதமாகத்தான் தோன்றும். ஆகையால் காசோலையின் மூன்று மாத ஆயுள் முடியும்வரை அந்தப் பணத்தைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

காரணம் பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரங்கப்பா எதிர் ஸ்ரீமோகன் வழக்கு பாடம். 45,000 ரூபாய்க் காசோலை ஒன்று, எழுதியவரால் நிறுத்தப்பட்டது என்ற குறிப்போடு திரும்பியது. தொகை எழுதாமல் கையெழுத்திட்டு வைத்திருந்த காசோலை தொலைந்துபோனது, அதை எடுத்தவர் பயன்படுத்திக்கொண்டார் என்றார் எதிரி. ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அவர் பதில் எதுவும் அனுப்பவில்லை. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் 2010இல் அதை உறுதி செய்தது. 139இன் அனுமானம் கடன் இருந்தது என்பதையும் உள்ளடக்கியது என்று மூன்று நீதிபதிகள் திட்டவட்டமாகச் சொன்ன வழக்கும் அதுவே. உண்மையிலேயே காசோலை தொலைந்தவர்கள் வங்கிக்குச் சொல்வதோடு நிற்காமல், அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். சாதகமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. விமான உதிரிப் பொருள்களுக்கு ஆர்டர் கொடுத்து, முன்பணமாக வரும் தேதி போட்ட காசோலைகளைத் தந்துவிட்டு, பிறகு ஆர்டரை ரத்து செய்து காசோலையை நிறுத்திய இண்டஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் மீது 138 பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பொருளே வராதபோது காசோலை எழுதிய நாளில் கடன் என்று எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை மீறியதற்காக உரிமையியல் வழக்குப் போடலாம், குற்றம் ஆகாது என்பது அதன் சாரம். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ள முடியாது. 2016இல் சம்பெல்லி சத்யநாராயண ராவ் வழக்கில், கடன் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்ட நிலையில் தவணைகளுக்காகத் தரப்பட்ட காசோலைகள் வேறு வகை, அவற்றைப் "பாதுகாப்புக்காக" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் பொறுப்பு உண்டு என்று அதே நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

உங்கள் காசோலை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேலை முற்றிலும் நடக்காமலும் இல்லை, முற்றிலும் முடியவும் இல்லை. ஒப்பந்தக்காரர் செய்த வேலையின் நியாயமான மதிப்பு நீங்கள் கொடுத்துவிட்ட 3,60,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டால், உங்கள் நிலை உறுதியானது. மாறாக அவர் நாலரை லட்சத்துக்கு வேலை செய்திருந்தால், 90,000 ரூபாயை நீங்கள் தர வேண்டியிருக்கிறது. அப்படி இருக்கையில் முழுக் காசோலையையும் நிறுத்திவிட்டு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது, "இவருக்குப் பணம் கொடுக்கும் எண்ணமே இல்லை" என்று அவர் தரப்பு சொல்ல இடம் கொடுக்கும். எனவே முதல் வேலையாக, சம்பந்தமில்லாத ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து, முடிந்த வேலையை அளந்து, குறைகளைப் படங்களோடு எழுதி, மதிப்புச் சான்று வாங்குங்கள். பிறர் வந்து மீதி வேலையைத் தொடுவதற்குமுன் இது நடக்க வேண்டும்; அலமாரியைக் கழற்றிய பிறகு உப்பியிருந்தது என்று சொல்லிப் பயனில்லை.

அந்த மதிப்புப்படி ஏதேனும் தர வேண்டியிருந்தால், காசோலையின் தேதிக்கு முன்பே அந்தத் தொகையை வங்கி வழியாக அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இது இன்ன காசோலைக்கு உட்பட்ட தொகையில் ஒரு பகுதி, மீதி தகராறில் உள்ளது, காசோலையைத் திருப்பித் தரவும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். இது நாகரிகத்துக்காக மட்டும் சொல்வதில்லை. 2022இல் தஷ்ரத்பாய் திரிகம்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், காசோலை கொடுத்த பிறகு ஒரு பகுதி செலுத்தப்பட்டிருந்தால், பெற்றவர் அதை 56ஆம் பிரிவின்படி காசோலையிலேயே குறித்துக்கொண்டு மீதித் தொகைக்கு மட்டும் போட வேண்டும், முழுத் தொகைக்கும் போட்டால் அந்தத் தொகை அன்றைய நிலையில் வசூலிக்கத்தக்க கடனாக இல்லாததால் 138 பொருந்தாது என்று தீர்த்திருக்கிறது. நேர்மையாகத் தர வேண்டியதைத் தந்தவருக்குச் சட்டம் இங்கே நேரடியாகவே துணை நிற்கிறது.

வங்கிக்குத் தரும் கடிதத்திலும், ஒப்பந்தக்காரருக்கு எழுதும் கடிதத்திலும், பின்னால் தரும் பதில் நோட்டீஸிலும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வங்கியில் "காசோலை தொலைந்துவிட்டது" என்று எளிதாகப் பட்டதை எழுதிவிட்டு, நீதிமன்றத்தில் "வேலை சரியில்லை" என்று சொன்னால், அந்த ஒரு வரியிலேயே வழக்கு தோற்றுவிடும். "வேலை முடியாததால், ஒப்பந்தத்தில் தகராறு" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

வெற்றுக் காசோலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இதே கேள்வியை அதிகம் கேட்பவர்கள் ஃபைனான்ஸ்காரரிடம் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தவர்கள். விருப்பப்பட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்றதைப் பெற்றவரே நிரப்பினாலும் அனுமானம் பொருந்தும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே "தொகையை நான் எழுதவில்லை" என்பது தனியாக ஒரு வாதமே அல்ல. எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு கட்டினேன் என்ற கணக்கைத்தான் வைக்க வேண்டும். மிதமிஞ்சிய வட்டி என்றால் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தனிப் பாதை. அதன்கீழ் புகார் கொடுப்பதானால் காசோலை திரும்புவதற்கு முன்பே கொடுத்திருப்பதில்தான் வலு இருக்கிறது.

காசோலை திரும்பினால் அடுத்து நடப்பவை நாள் கணக்கில் கட்டப்பட்டவை. காசோலை திரும்பியதைக் குறித்து வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் அவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்களுக்குக் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் தரலாம். தராவிட்டால் அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் தம் வங்கிக் கிளை உள்ள எல்லைக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். குற்றம் என்பது காசோலை திரும்பியதால் முழுமை பெறுவதில்லை. 15 நாள் கெடு தாண்டும்போதுதான் பெறுகிறது. இந்த 15 நாள்தான் உங்களுக்கு மிக மதிப்புள்ள காலம். தபாலை வாங்க மறுப்பது பலன் தராது, சரியான முகவரிக்கு அனுப்பப்பட்டால் சேர்ந்ததாகவே கொள்வார்கள். பொறியாளர் சான்று, படங்கள், பகுதித் தொகை அனுப்பிய விவரம் அனைத்தையும் குறிப்பிட்டு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். மௌனம் எப்படி வாசிக்கப்படும் என்பதை ரங்கப்பா வழக்கிலேயே பார்த்தோம்.

தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018 முதல், குற்றத்தை மறுத்து வழக்கை நடத்துபவர் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற 143ஏ பிரிவும் இருக்கிறது. இது கட்டாயமல்ல, நடுவரின் முடிவுக்கு உட்பட்டது என்பதால், உங்கள் பதில் நோட்டீஸ் வலுவாக இருந்தால் அந்தக் கட்டத்திலும் கைகொடுக்கும். 147ஆம் பிரிவின்படி எந்தக் கட்டத்திலும் சமரசமாக முடித்துக்கொள்ளலாம்.

மோசடிக் குற்றம் என்று காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுப்பேன் என்று அவர் மிரட்டினால் அதிகம் கலங்க வேண்டாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவுக்கு, காசோலை கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். 3,60,000 ரூபாய் கொடுத்த ஒருவரிடம் அதைக் காட்டுவது கடினம். அவருக்கு இருக்கும் இன்னொரு உண்மையான வழி உரிமையியல் வழக்கு. காசோலையை வைத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் ஆணையின்படி சுருக்க வழக்குத் தொடரலாம். அதில் எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், கெடுவும் பத்துப் பத்து நாள்தான். தோற்றால் ஆண்டுக்கு 18 சதவீதம் வரை வட்டியும் சேரக்கூடும். குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இந்த வழக்கு தனியே நடக்கும், ஏனெனில் காசோலையை நிறுத்துவது அந்தத் தாளை மட்டுமே நிறுத்துகிறது. ஒப்பந்தப்படி ஏதேனும் பாக்கி இருந்தால் அது அப்படியே இருக்கும்.

கடைசியாக ஒன்று: காசோலையில் ஏ/சி பேயீ என்று குறுக்குக் கோடு போட்டிருந்தீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் பணம் அவர் கணக்குக்கு மட்டுமே போக முடியும். போடாத காசோலையை அவர் பிளைவுட் கடைக்காரர் ஒருவருக்குக் கைமாற்றிக் கொடுத்து, உங்கள் தகராறு எதுவும் தெரியாமல் அந்தக் கடைக்காரர் சரக்குக்கு ஈடாக அதை வாங்கியிருந்தால், வேலை சரியில்லை என்ற உங்கள் வாதம் அவரிடம் எடுபடாது. அப்படியொரு வாய்ப்பு இருந்தால் நிறுத்த உத்தரவோடு நில்லாமல், காசோலையையே எழுத்து மூலம் திருப்பிக் கேட்பதை இன்றே செய்துவிடுங்கள்.